0.43 யாருக்கு?

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜோடிப் பிரிவை விடாமல் பார்க்கிறவர்களிடம் 235.90, 235.47 என்று இரண்டு எண்களை மட்டும் சொல்லிப் பாருங்கள். எந்தப் போட்டி என்று உங்களைக் கேட்க மாட்டார்கள். 2018 பிப்ரவரி 15, பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக், காங்னுங் ஐஸ் அரீனா. முதல் எண் ஜெர்மனிக்காக ஆடிய அல்யோனா சவ்சென்கோ, ப்ரூனோ மாசோ ஜோடியுடையது. இரண்டாவது சீனாவின் சுய் வென்ஜிங், ஹான் சோங் ஜோடியுடையது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே 0.43 புள்ளி.

நம் ஊரில் அப்போது காலை நேரம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஃபோனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சுய்–ஹான் கட்சி. ஜோடிப் போட்டி இரண்டு ஆட்டம்: குறுகிய ஷார்ட் புரோகிராம், மறுநாள் நீளமான ஃப்ரீ ஸ்கேட்; இரண்டின் கூட்டுத்தொகைதான் முடிவு. முதல் நாள் ஷார்ட் புரோகிராமில் 82.39 எடுத்து அவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். சவ்சென்கோ–மாசோ 76.59 எடுத்து நான்காம் இடம். 5.80 புள்ளி பின்தங்கியவர்கள் மறுநாள் தங்கம் வாங்குவார்கள் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். மறுநாள் ஃப்ரீ ஸ்கேட்டில் ஜெர்மன் ஜோடிக்கு 159.31 விழுந்தது, அன்றைய தேதிக்கு அது உலக சாதனை. சுய்–ஹானுக்கு 153.08. வேலைக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை: அந்த 0.43ஐ நான் யாரிடம் கொடுத்திருப்பேன்? நடுவர்கள் கொடுத்தாகிவிட்டது, அது மாறப்போவதில்லை. ஆனால் ஒரு ரசிகைக்கு அவளுடைய தீர்ப்பு என்று ஒன்று இருக்கிறது. அதை அவசரத்தில் சொல்லக் கூடாது என்று இரண்டு ஆட்டங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தேன், வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், ஒருவரை மட்டும் பின்தொடர்ந்து பார்த்தேன்.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜோடி ஆட்டத்தில் பாதிக் கதை அங்கேதான் முடிவாகிறது. மாசோ ஆறடி ஆள். சவ்சென்கோ அவர் மார்பளவுக்கு வருவார். தூக்குவதற்கும் எறிவதற்கும் இதைவிட வசதியான பொருத்தம் கிடைக்காது. ட்விஸ்ட் என்ற அங்கத்தில் ஆண் பெண்ணைத் தலைக்கு மேலே வீசுவார், அவர் படுத்தவாக்கில் காற்றில் சுழல்வார், இறங்கும்போது இடுப்பைப் பிடித்து வாங்க வேண்டும். மாசோ வீசினால் சவ்சென்கோ மேலே போய் மூன்று சுற்றுச் சுற்றி, சுற்றி முடித்த பிறகும் ஒரு கணம் அங்கேயே தங்குவது போல இருக்கும். அந்தக் கணத்தில் மாசோவின் இரண்டு கைகளும் வெறுமனே விரிந்து காத்திருக்கும். பதற்றமே இல்லை. மேலிருந்து வருகிறவரை மார்பில் மோதவிடாமல், இடுப்பில் ஏந்தி, சத்தமில்லாமல் பனியில் வைப்பார். எறிந்தவர் பிடிக்கத் தயாராகிவிட்டார், எறியப்பட்டவர் இன்னும் இறங்கவில்லை என்ற அந்த இடைவெளியைத்தான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

சுய்–ஹானுக்கு அந்த வசதி இல்லை. ஹான் சோங் உயரமானவர் அல்ல. இருவருக்கும் உயர வித்தியாசம் ஜோடி ஆட்டத்துக்குப் போதாது என்று தொடக்கத்திலிருந்தே பேசப்பட்டது. அதே ஹான்தான் சுய்யை நான்கு சுற்றுக்கு வீசினார். நான்கு சுற்று ட்விஸ்டில் நின்று நிதானிக்க நேரம் கிடையாது. நான்காவது சுற்று முடிவதும் கை இடுப்பைத் தொடுவதும் ஏறக்குறைய ஒன்றாக நடக்கும். அழகு என்று பார்த்தால் மாசோவின் மூன்று சுற்று. துணிச்சல் என்று பார்த்தால் ஹானின் நான்கு. என்னைக் கேட்டால், ட்விஸ்டில் ஜெர்மன் ஜோடிக்கே என் ஓட்டு. உயரமும் பிடிப்பும் சேர்ந்த அந்த மூன்று சுற்றைப் பார்த்த பிறகு சுற்றை எண்ணத் தோன்றுவதில்லை.

ஆண் எறிய, பெண் சுழன்று தானே காலில் இறங்குவது த்ரோ; தலைக்கு மேல் தூக்கியபடி ஓடுவது லிஃப்ட். இவற்றிலும் இதே கணக்குத்தான், நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சவ்சென்கோவின் த்ரோ ட்ரிபிள் ஃப்ளிப் உயரமும் தூரமும் சேர்ந்தது, இறங்கிய பிறகு காலில் வேகம் குறையாமல் ஓடும். சுய்யின் த்ரோவும் லேசுப்பட்டதல்ல. லிஃப்ட்டில் ஹான் தன் கை நீளத்தின் குறையைக் காலின் வேகத்தால் ஈடுகட்டினார்.

ஆனால் அந்த அதிகம் வித்தியாசமில்லாத உயரம் சுய்–ஹானுக்கு இன்னொரு பக்கம் வரமாக அமைந்தது. அருகருகே நின்று செய்கிறவற்றைப் பாருங்கள். கோடு ஒன்று, முழங்கால் மடிகிற ஆழம் ஒன்று, தலை திரும்புகிற நொடி ஒன்று. இரட்டை நாயனம் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்பது தெரிந்தும் காது ஒன்றாகவே கேட்கும். சுய்யின் பாதத்தை மட்டும் பாருங்கள், அப்புறம் ஹானின் பாதத்தைப் பாருங்கள். பிளேடு பனியில் சாய்கிற கோணம்கூடப் பிசகாது. ஓர் அங்கம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மற்ற ஜோடிகள் வேகம் பிடிக்க நாலு எட்டுத் தள்ளிக்கொள்வார்கள். இவர்கள் அந்த இடைவெளியையும் ஆட்டமாக மாற்றிவிடுவார்கள். இந்த ஒன்றில் சவ்சென்கோ–மாசோவை இவர்களுக்குச் சமமாக வைக்க எனக்கு மனம் வராது. மாசோ பெரிய உருவம், சவ்சென்கோ சின்ன உருவம்; தனித்தனியே நின்று சுழலும்போது இரண்டும் இரண்டாகத்தான் தெரியும்.

அடுத்தது தவறுகள். பிழையை எண்ணித் தங்கத்தை முடிவுசெய்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் 0.43 என்று வரும்போது எண்ணாமலும் முடியாது. ஷார்ட் புரோகிராமில் ஜோடியாகத் தாவ வேண்டிய ட்ரிபிள் சால்கோவை மாசோ இரண்டு சுற்றோடு முடித்துவிட்டார். அன்றைய அட்டவணைப்படி மூன்று சுற்று சால்கோவின் அடிப்படை மதிப்பு 4.4, இரண்டு சுற்றுக்கு 1.3. அந்த ஒரு தாவலில் மட்டும் 3.1 போனது. அது போகாமல் இருந்திருந்தால் ஃப்ரீ ஸ்கேட் முடிவில் 0.43 என்ற பேச்சே எழுந்திருக்காது. மறுபக்கம், சுய்–ஹானின் பிசகு ஃப்ரீ ஸ்கேட்டில், அதுவும் ஜோடித் தாவல்களில். நாலரை நிமிஷ ஆட்டத்தில் மிகக் கடினமான நான்கு சுற்று ட்விஸ்டைச் சாதித்துவிட்டு, ஒப்பீட்டில் எளிய தாவல்களில் கோட்டைவிட்டார்கள். அன்றைய ஃப்ரீ ஸ்கேட்டை மட்டும் எடுத்தால், கனடாவின் மேகன் டுஹாமெல், எரிக் ராட்ஃபோர்ட் ஜோடிகூட 153.33 எடுத்து இவர்களுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. ஒலிம்பிக்கில் முதல்முறையாக நான்கு சுற்று த்ரோவை இறக்கியவர்கள் அவர்கள். வெண்கலம் அவர்களுக்குப் போனது. அதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

ஆக, பிழைக் கணக்கில் இரண்டு ஜோடியும் ஆளுக்கொரு நாள் இழந்தார்கள். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பட்ட கஷ்டத்தை வைத்தும் சொல்ல முடியாது. சவ்சென்கோவுக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக், வயது 34. உக்ரைனில் பிறந்தவர். 2002இல் சால்ட் லேக் சிட்டியில் உக்ரைனுக்காக ஆடி 15ஆம் இடம். பிறகு ஜெர்மனிக்குப் போய் ராபின் சோல்கோவியோடு ஐந்து முறை உலக சாம்பியன் ஆனார். ஆனால் 2010, 2014 இரண்டு ஒலிம்பிக்கிலும் வெண்கலம்தான். சோல்கோவி ஓய்வுபெற்ற பிறகு, முப்பது வயதில், பிரான்சுக்காரரான மாசோவோடு முதலிலிருந்து தொடங்கினார். பிரெஞ்சு சம்மேளனம் மாசோவை விடுவிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, அதற்குப் பணமும் கட்ட வேண்டியிருந்தது. ஜெர்மன் குடியுரிமைக்காக மாசோ மொழித் தேர்வு எழுதித் தோற்று, மறுபடி எழுதினார். குடியுரிமை கைக்கு வந்தது ஒலிம்பிக்குக்குச் சில மாதம் முன்னால்தான்.

சுய்யின் கதையும் குறைந்ததல்ல. ஹார்பினில் 2007இல் ஹானோடு சேர்ந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. மூன்று முறை ஜூனியர் உலகப் பட்டம். 2016இல் இரண்டு காலிலும் அறுவைச் சிகிச்சை. நடக்கவே புதிதாகப் பழகிய பெண் 2017 பிப்ரவரியில் போட்டிக்குத் திரும்பி, மார்ச்சில் உலக சாம்பியன் ஆனார். சீன ரசிகர்கள் இவர்களை வெங்காயத்தாள்–வாளி ஜோடி என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். ஹானின் பெயரிலுள்ள ‘சோங்’ அவர்கள் மொழியில் வெங்காயத்தாளைப் போல ஒலிக்கும். வாளி சுய்யின் செல்லப்பெயர். இப்படிக் கூப்பிடுகிறவர்களின் அன்பு எனக்கும் தொற்றிக்கொண்டதால்தான் நான் அந்தக் கட்சியில் சேர்ந்தேன். ஆனால் அன்பும் அனுதாபமும் இரண்டு தட்டிலும் சம எடைதான்.

பல நாள் பார்த்த பிறகுதான் எனக்கு உரைத்தது: நான் ஒப்பிட வேண்டியது ஆடியவர்களை அல்ல, அவர்களுக்காக அமைத்த ஆட்டத்தை. ஒரு சின்னச் சோதனை வைத்துக்கொண்டேன். இந்த ஆட்டத்தை அப்படியே எடுத்து வேறொரு நல்ல ஜோடியிடம் கொடுத்தால் நிற்குமா?

சுய்–ஹான் அன்று ஆடியது துரந்தோத் ஆபராவின் இசைக்கு. அந்த இசைக்குச் சீன ஜோடி ஆட்டத்தில் ஒரு வரலாறே உண்டு. 2003 உலகப் போட்டியில் ஷென் ஷுவே, ஜாவோ ஹோங்போ ஆடியதும் துரந்தோத்துக்குத்தான். காயம்பட்ட காலோடு ஷென் ஆடி ஜெயித்த அந்த ஆட்டத்தை யாரும் மறக்கவில்லை. அதே ஜாவோ 2018இல் சுய்–ஹானின் பயிற்சியாளர்களில் ஒருவர். குருவின் இசையைச் சிஷ்யர்கள் ஒலிம்பிக்குக்கு எடுத்து வருவதில் ஒரு நிறைவு இருக்கிறது, மறுக்கவில்லை. பிரம்மாண்டமும் இருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க எனக்கு ஷென்னும் ஜாவோவும்தான் நினைவுக்கு வந்தார்கள். இசை பெரிதாக எழும் இடத்தில் கை எழுகிறது, லிஃப்ட் எழுகிறது. எல்லாம் சரிதான், ஆனால் சுய்–ஹானுக்கே உரிய அந்த இரட்டைப் பாதம், இடைவெளியையும் ஆட்டமாக்குகிற அந்த வித்தை, ஆரவாரத்தில் அமுங்கிப் போனது. இன்னொரு வல்ல ஜோடியிடம் இந்த ஆட்டத்தைக் கொடுத்தால் அவர்களும் ஆடிவிடுவார்கள்.

சவ்சென்கோ–மாசோவின் ஃப்ரீ ஸ்கேட்டை அமைத்தவர் கிறிஸ்டோபர் டீன். 1984இல் சரயேவோ ஒலிம்பிக்கில் ஜேன் டார்விலோடு ஐஸ் டான்ஸில் தங்கம் வாங்கியவர். அதே சரயேவோவில் ஜோடிப் பிரிவில் கடைசி இடத்தில் முடித்த சீன ஜோடியில் ஒருவர் லுவான் போ. பின்னாளில் ஹார்பினில் சுய்யையும் ஹானையும் வளர்த்தவர் அவர்தான். சவ்சென்கோ பிறந்தது அந்த ஒலிம்பிக்குக்கு முந்தைய மாதம். முப்பத்து நான்கு வருஷம் கழித்து மூவரின் கதையும் காங்னுங்கில் ஒரே பனித்தளத்துக்கு வந்து சேர்ந்தது.

டீன் அமைத்த ஆட்டத்தில் எதுவும் இசையின் மேல் ஏறி நிற்காது. மெல்லத் தொடங்கி, அலை மாதிரி எழுந்து அமர்கிற இசை. முதல் முறை பார்த்தபோது இதில் என்ன பெரிய விஷயம் என்றுதான் தோன்றியது. பிறகுதான் புரிந்தது. மாசோவின் உருவத்தையும் சவ்சென்கோவின் உருவத்தையும் ஒன்றாகக் காட்ட டீன் முயலவே இல்லை. வித்தியாசத்தையே ஆட்டமாக்கிவிட்டார். சவ்சென்கோ ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பார், மாசோ நின்று தாங்குவார். லிஃப்ட்டிலிருந்து அவரை இறக்கும் இடங்களைக் கவனியுங்கள். இறக்கிவைத்த மாதிரியே தெரியாது. தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து பனிக்கு என்று நீர் வழிவது போல வழிந்து இறங்குவார். எங்கே லிஃப்ட் முடிந்தது, எங்கே அடுத்த அடி தொடங்கியது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் என்னால் கோடு கிழிக்க முடியவில்லை. இந்த ஆட்டத்தை வேறு எந்த ஜோடியிடம் கொடுத்தாலும் நிற்காது. சுய்–ஹானிடம் கொடுத்தாலும்கூட நிற்காது.

என் தீர்ப்பு அங்கே முடிவானது. 2018 பிப்ரவரி 15 அன்றைக்கு அந்த 0.43 போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது. எதிர்க்கட்சியிலிருந்து இதைச் சொல்ல எனக்குப் பல மாதம் ஆனது.

அதற்காகச் சுய்–ஹான் இரண்டாமிடத்து ஜோடி என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குச் சாட்சி ஹெல்சிங்கி. 2017 உலகப் போட்டியில் இதே இரண்டு ஜோடியும் மோதினார்கள்: சுய்–ஹான் 232.06, சவ்சென்கோ–மாசோ 230.30. அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பிய அந்த வருஷத்து ஃப்ரீ ஸ்கேட் ஒரு நிதானமான பழைய பாட்டுக்கு லோரி நிக்கல் அமைத்தது. ஒருவர் சாயும்போது இன்னொருவர் தாங்குவது என்ற ஒரே எண்ணத்தில் ஆட்டம் முழுவதும் போகும். அவர்கள் வாழ்ந்து முடித்ததையே ஆடினார்கள். என் சோதனையில் அது எளிதாகத் தேறிவிடும். அதை இன்னொருவரிடம் கொடுக்கவே முடியாது.

அந்த ஆட்டத்தைத்தான் 2022இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் திரும்ப எடுத்து வந்தார்கள். ரசிகர்கள் பலருக்கு அப்போது தயக்கம் இருந்தது. ஐந்து வருஷம் பழைய ஆட்டம், நடுவே 2020இல் ஹானுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை, 2021 உலகப் போட்டியில் வெள்ளி. எனக்கோ அறிவிப்பைக் கேட்டதும் நிம்மதி. இந்த முறை அவர்கள் தங்கள் ஆட்டத்தோடு வருகிறார்கள் என்று தோன்றியது. முடிவு 239.88. ரஷ்யாவின் தாராசோவா–மொரோசோவ் 239.25, மிஷினா–கல்யாமோவ் 237.71. நான்கு வருஷம் முன்னால் 0.43இல் தோற்றவர்கள், இங்கே 0.63இல் ஜெயித்தார்கள்.

சிலர் 2018 மார்ச்சில் மிலானில் நடந்த உலகப் போட்டியைக் காட்டி விவாதத்தை முடித்துவிடப் பார்ப்பார்கள். அங்கே சவ்சென்கோ–மாசோ 245.84 எடுத்தார்கள், பெய்ஜிங் எண்ணைவிட அதிகம். ஆனால் மிலானில் சுய் காயத்தால் ஆடவில்லை. அதோடு, அந்தப் பருவம் முடிந்ததும் மதிப்பெண் முறையே மாறியது: அங்கங்களின் தரத்துக்கு –3இலிருந்து +3 வரை இருந்த அளவு –5இலிருந்து +5 ஆனது, ஃப்ரீ ஸ்கேட்டின் நேரமும் குறைந்தது. பழைய சாதனைகளைத் தனியே ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினார்கள். எனவே அந்த 245.84ஐயும் இந்த 239.88ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் பொருள் இல்லை. மிலானோடு ஜெர்மன் ஜோடி போட்டிகளிலிருந்து விலகியதால், மறுபடி நேருக்கு நேர் பார்க்கவும் வழியில்லாமல் போனது.

என் அக்கா மகள் இப்போதுதான் இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். “சித்தி, எனக்கு ஒரே ஒரு ஜோடி சொல்லு, அதை மட்டும் பார்க்கிறேன்” என்றாள். சுய்–ஹான் என்று சொன்னேன். காங்னுங்கின் தங்கத்தை எதிராளிக்கு எழுதிக் கொடுத்த பிறகும், ஒரு ஜோடியைப் பின்தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் வளர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் எனக்கு வேறு பதில் கிடையாது. சவ்சென்கோ–மாசோ சேர்ந்து போட்டியிட்டது மூன்று பருவம்தான். அந்தக் குறுகிய காலத்துக்குள் சிகரத்தை ஒரு முறை தொட்டார்கள். சுய்–ஹானைப் பன்னிரண்டு வயதுச் சிறுமியிலிருந்து பார்க்கலாம். ஜூனியர் நாட்களில் சுற்றை எண்ணிச் சேர்ப்பதே குறியாக இருந்தவர்கள், காயத்துக்குப் பிறகு எப்படி ஒரு கை நீட்டலுக்கு அர்த்தம் தேடத் தொடங்கினார்கள் என்பதை வருஷ வாரியாகப் பார்க்கலாம்.

ஆனால் பார்க்கும் வரிசையை நான்தான் போட்டுக் கொடுத்தேன். முதலில் ஹெல்சிங்கி 2017, சுய்–ஹானின் ஃப்ரீ ஸ்கேட். அடுத்தது காங்னுங்கில் சவ்சென்கோ–மாசோ. அதன் பிறகு அதே நாள் துரந்தோத். கடைசியாகப் பெய்ஜிங். இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் உடனே அடுத்ததற்குத் தாவ வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். இசை நின்றதும் சவ்சென்கோ பனியிலேயே சரிந்துவிடுவார், மாசோ அவரோடு அங்கேயே கிடப்பார். அவர்களுக்குப் பிறகு ஆட வேண்டியவர்கள் இருந்தார்கள், மதிப்பெண்ணும் வரவில்லை. அந்த நொடியில் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அந்த இடத்தில் நிறுத்தி எனக்கு ஃபோன் பண்ணினாள். “ஜெயிச்சுட்டாங்களா சித்தி?” என்றாள். முழுசும் பார்த்துவிட்டு நீயே சொல் என்றேன்.